மிதக்கும் காந்தம் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் அரை டன் எடையுள்ள காந்த வளையத்தை அந்தரத்தில் மிதக்கவிட்டு பிளாஸ்மா சோதனை செய்தார்களாமே? நாலு கம்பி கொடுத்துத் தாங்கினால் போதாதா? – ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: நீங்கள் சொல்கிற மாதிரிதான் முதலில் செய்தார்கள். எம்.ஐ.டி.யும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து கட்டிய எல்.டி.எக்ஸ். (மிதக்கும் இருமுனைக் காந்தச் சோதனை) என்ற கருவி அது. சூரியனில் நடப்பதுபோல் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க வேண்டுமானால் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து போகும் அளவுக்குச் சூடான வாயுவை, காந்தப்புலத்தால் அடைத்துவைக்க வேண்டும்; அதற்கான சோதனை இது. ஐந்து மீட்டர் அகல வெற்றிடக் கலம், நடுவே மெதுவடை வடிவில் மீக்கடத்திச் சுருள் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் சுருள்). 2004 ஆகஸ்டில் முதல் பிளாஸ்மா உண்டானபோது சுருளை மெல்லிய கம்பிகள்தான் தாங்கின.

வம்பே அந்தக் கம்பிகளால்தான். பிளாஸ்மாத் துகள் காந்தக் கோட்டின் வழியே தலைதெறிக்க ஓடும். குறுக்கே நகரத்தான் சிரமப்படும். இந்தச் சுருளின் கோடுகள் நடு ஓட்டையில் புகுந்து, வெளியே வளைந்து, திரும்ப உள்ளே வருபவை. வழியில் கம்பி இருந்தால் துகள் அதில் மோதித் தொலைந்தது. கம்பி மெல்லியதுதானே என்று விடவும் முடியாது. துகள்கள் வளையத்தைச் சுற்றியும் மெல்ல நகர்வதால், இந்த முறை தப்பியது அப்புறம் மாட்டிக்கொள்ளும்.

2007 இறுதியில் கம்பிகளை விலக்கினார்கள். சுருளை மைனஸ் 268 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, மின்னோட்டம் ஏற்றி, மேலே தூக்கிக்கொண்டு போனால் கலத்தின் உச்சியில் உள்ள காந்தம் இழுத்துப் பிடிக்கும். இழுவை கூடினால் சுருள் மேலே பாயும், குறைந்தால் விழும். லேசர் கதிர்கள் அதன் உயரத்தை ஓயாமல் அளக்க, அதற்கேற்ப உச்சிக் காந்தத்தின் மின்னோட்டம் கூட்டிக் குறைக்கப்பட்டது.

பலன் 2010-இல் வெளியானது. சாதாரணமாகக் கொந்தளிப்பு என்றால் பிளாஸ்மாவை வெளியே சிதறடிக்கும் எதிரி. இங்கே அதே கொந்தளிப்பு துகள்களை உள்நோக்கித் தள்ளி, சுருளை ஒட்டி அடர்த்தியாக்கியது! பூமி, வியாழன் ஆகியவற்றின் காந்தப்புலங்களைப் பார்த்து ஜப்பானிய இயற்பியலாளர் அகிரா ஹசெகாவா 1980-களில் முன்வைத்த யோசனை அது. என்னைக் கேட்டால், கம்பியோடு ஓட்டிய அந்த ஆரம்பச் சோதனைகள் ரொம்ப முக்கியம். அவை இல்லாவிட்டால், மாற்றம் மிதத்தலால்தான் வந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

இதை அணுக்கரு இணைவால் மின்சாரம் எடுக்கும் உலையாக்குவது வேறு கதை. பிளாஸ்மாவின் நடுவே இருக்கும் சுருள்மீது, இணைவில் பிறக்கும் நியூட்ரான்கள் வந்து விழுந்து அதைச் சூடாக்கும். குளிர் போனால் மீக்கடத்தும் தன்மையும் போகும். நியூட்ரான் தொல்லை குறைந்த எரிபொருள் வேண்டும், அதை எரிக்க இன்னும் கூடுதலான வெப்பம் வேண்டும். அந்தக் கட்டத்தை எட்டும் முன்பே, 2011-இல் இதற்கான அரசு நிதியை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.