சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா?

கேள்வி: எங்கள் லேப்டாப்புக்கு எட்டு வயது. சி டிரைவில் (எஸ்.எஸ்.டி.) 118 ஜி.பி.யில் 2 ஜி.பி.தான் மீதி. டி டிரைவ் (ஹார்ட் டிஸ்க்) 931 ஜி.பி., ஏறக்குறைய காலி. நிறைய படங்களை அழித்தும் இடம் கூடவில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற ஒன்று 12 ஜி.பி. காட்டுகிறது. அழித்துவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டவே வேண்டாம். விண்டோஸின் மூலக் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் பல 'சிஸ்டம்32' என்ற இன்னொரு விண்டோஸ் ஃபோல்டரிலும் தென்படும். ஆனால் டிஸ்க்கில் இருப்பது ஒரே பிரதிதான். இரண்டு இடத்திலும் எண்ணப்படுவதால் 12 ஜி.பி. என்பதே மிகைக் கணக்கு. கையால் அழித்தால் அப்டேட் கெடும். விண்டோஸே திறக்காமலும் போகலாம்.

சரியான வழி: ஸ்டார்ட்டில் 'டிஸ்க் கிளீன்அப்' என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். இதை விட்டுவிட்டால் பெரிய கோப்புகள் பட்டியலிலேயே வராது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். 'விண்டோஸ் அப்டேட் கிளீன்அப்', 'டெம்பரரி ஃபைல்ஸ்', 'ரீசைக்கிள் பின்' மூன்றுக்கும் டிக் போடுங்கள். 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' இருந்தால் அதையும் சேர்க்கலாம். பிறகு பழைய விண்டோஸுக்குத் திரும்ப முடியாது. சில பதிப்புகளில் 'டவுன்லோட்ஸ்' பட்டியலில் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையேல் இறக்கிவைத்த சான்றிதழ்களும் சேர்ந்து போய்விடும். பழைய கணினியில் இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். சார்ஜரைச் செருகி வையுங்கள், நடுவில் அணைக்காதீர்கள்.

அழித்த படங்கள் ரீசைக்கிள் பின்னில் கிடந்திருக்கும். அதுவும் சி டிரைவின் இடத்தைத்தான் பிடிக்கிறது. காலி செய்தால்தான் இடம் திரும்பும்.

நிரந்தரத் தீர்வு, டி டிரைவைப் பயன்படுத்துவது. அதில் முதலில் 'டவுன்லோட்ஸ்' என ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு பழைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'லொகேஷன்', 'மூவ்' எனப் போய்ப் புதியதைக் காட்டுங்கள். பிக்சர்ஸ், வீடியோஸுக்கும் தனித்தனி ஃபோல்டர் கட்டாயம். வெறும் டி டிரைவையே காட்டிவிட்டால் டிரைவ் முழுவதும் 'டவுன்லோட்ஸ்' ஆகிவிடும், பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. மென்பொருள்களை இப்படி இழுத்து நகர்த்தக் கூடாது. வேண்டாதவற்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

இடம் மாற்றுவது பேக்கப் ஆகாது. டி டிரைவுக்கும் எட்டு வயதுதானே! குடும்பப் படங்களுக்கு வெளி டிஸ்க்கில் இன்னொரு பிரதி அவசியம். சி டிரைவில் எப்போதும் 15 முதல் 20 ஜி.பி. காலியாக இருக்கட்டும், பெரிய அப்டேட்களுக்கு அது தேவை. 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' வகை மென்பொருள்களால் சொல்லும்படி இடம் கிடைக்காது, சிக்கல்தான் வரும்.

கேள்வி: 128 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினேன், 119 ஜி.பி. காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024 x 1024 x 1024 எனப் பெருக்கி, சுமார் 107 கோடி என்று எண்ணுகிறது. அதனால்தான் 1000 ஜி.பி. டிஸ்க்கும் 931 என்றே தெரிகிறது.