ஔரங்கசீப்பை மட்டும் கூண்டில் ஏற்றினால் போதுமா?

கேள்வி: ஷாஜகானின் நான்கு மகன்களுக்குள் நடந்த சண்டையைப் பற்றிப் போன இதழில் எழுதும்போது, 'தகப்பனுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்து, ஏழரை வருஷம் ஆக்ரா கோட்டையில் அடைபட்டுச் செத்த கிழவர் மேல் பழி போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அத்தனை சாவுக்கும் ஔரங்கசீப் ஒருவர்தானே காரணம்? மூத்தவர் தாரா ஜெயித்திருந்தால் இவ்வளவு ரத்தம் சிந்தியிருக்குமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தாராவைக் கொல்லச் சொன்னது ஔரங்கசீப். கடைசித் தம்பி முராதைக் கொல்லச் சொன்னதும் அவர்தான். அதை நான் மறைக்கவும் இல்லை, குறைத்துச் சொல்லப்போவதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே வருகிறேன். ஆனால் 'கிழவர்' என்று நீங்கள் இரக்கப்படுகிறீர்களே, அவர் முப்பது வருஷத்துக்கு முன்னால் என்ன செய்தார் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

1627 அக்டோபரில் தகப்பன் ஜகாங்கீர் இறந்தபோது ஷாஜகான் தக்காணத்தில் இருந்தார். லாகூரில் இருந்த மாமனார் ஆசப் கானுக்கு உத்தரவு போனது. 1628 தொடக்கத்தில் ஐந்து பேரைத் தீர்த்துக்கட்டினார்கள். தம்பி ஷஹ்ரியார், அண்ணன் குஸ்ரூவின் பிள்ளைகள் இரண்டு பேர், சித்தப்பா தானியாலின் பிள்ளைகள் இரண்டு பேர். அந்த அண்ணன் குஸ்ரூ 1622இலேயே புர்ஹான்பூரில், ஷாஜகானின் காவலில் இருந்தபோது இறந்துபோயிருந்தார். வயிற்றுவலி என்று தகப்பனுக்குத் தகவல் சொன்னார்கள்.

'மொகலாய வம்சத்தில் இதெல்லாம் சகஜம்' என்று சிலர் சொல்வார்கள். சகஜம் இல்லை. ஹுமாயூனுக்குத் தம்பி காம்ரான் செய்யாத துரோகம் இல்லை. ஹுமாயூன் 1553இல் அவர் கண்ணைக் குருடாக்கி மெக்காவுக்கு அனுப்பினார். அதுவே கொடுமைதான், ஆனால் உயிரை விட்டுவைத்தார். அக்பரின் தம்பி ஹகீம் காபூலிலிருந்து கலகம் செய்தார். அக்பர் 1581இல் காபூல்வரை போய் அடக்கிவிட்டுத் திரும்பினார். ஹகீம் பின்னால் குடித்துக் குடித்துத் தானாகச் செத்தார். ஜகாங்கீர் தன் மகன் குஸ்ரூவின் பார்வையைக் கெடுத்தார், கொல்லவில்லை. போட்டிக்கு வரக்கூடிய ரத்த உறவுகளை ஒரே மூச்சில் வழித்துத் துடைத்தது அந்த வம்சத்தில் ஷாஜகான்தான் முதல்முறை.

அப்போது தாராவுக்கு வயது 12, ஔரங்கசீப்புக்கு 9. தகப்பன் தாத்தாவை எதிர்த்துக் கலகம் செய்து தோற்று, மன்னிப்புக்கு ஈடாக 1626இல் இந்த இரண்டு பையன்களையும் தாத்தாவின் அரண்மனைக்குப் பணயமாக அனுப்பியிருந்தார். அவர்களை ஆக்ராவுக்குக் கூட்டிவந்து பெற்றவர்களிடம் ஒப்படைத்தவர் ஆசப் கான், அம்மாவைப் பெற்ற தாத்தா. அந்த ஐந்து பேரின் கதையை முடித்த அதே ஆசப் கான். 'தக்த் யா தக்தா' என்பார்கள், அரியணை அல்லது பாடை. அந்தப் பையன்களுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அவர் பிள்ளைகளை வளர்த்த விதம். நாலு பேரும் மும்தாஜ் வயிற்றில் பிறந்தவர்கள். மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை என்ற தகராறே கிடையாது. அப்படி இருந்தும் தாரா ஒருவரைத்தான் மடியில் வைத்துக்கொண்டார். 1655இல் தன் ஆசனத்துக்குப் பக்கத்தில் அவருக்குத் தங்க நாற்காலி போட்டார். தாராவின் மன்சப், அதாவது அரசு வரிசையில் அவருடைய அந்தஸ்து, கடைசியில் 60,000க்குப் போனது. தம்பிகள் மூவருடையதையும் கூட்டினாலும் அதைத் தொடவில்லை. அதே சமயம் ஷூஜாவுக்கு வங்காளம், ஔரங்கசீப்புக்குத் தக்காணம், முராதுக்குக் குஜராத். ஆளுக்கொரு மாகாணம், ஆளுக்கொரு கஜானா. ஒரு பிள்ளைக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் படையைக் கொடுத்தார். இதைவிட மோசமான பாகப்பிரிவினையை நான் படித்ததில்லை.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். புர்ஹான்பூரில் ஷாஜகானுக்குப் பிரியமான மாமரம் ஒன்று இருந்தது. 'பாதுஷா பசந்த்' என்று பெயர். ஔரங்கசீப் தக்காணத்தில் பொறுப்பில் இருந்தபோது, அந்தப் பழம் ஒழுங்காக வந்துசேரவில்லை, நல்ல பழத்தை மகனே எடுத்துக்கொள்கிறான் என்று தகப்பனுக்குச் சந்தேகம். மகன் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டியிருக்கும். கந்தஹாரில் 1649இலும் 1652இலும் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பி, தகப்பனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். 1656இல் கோல்கொண்டா, 1657இல் பீஜப்பூர், இரண்டும் கைக்கு எட்டிய நேரத்தில் 'போதும், நிறுத்து' என்று டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. அதற்குப் பின்னால் அண்ணன் இருக்கிறார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வெட்டுக்குத்தில் முடிந்த பங்காளிச் சண்டைகளை நம் ஊரில் விசாரித்துப் பாருங்கள். வரப்புத் தகராறு என்பார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டினால் இப்படி ஒரு மாம்பழம் கிடக்கும்.

1657 செப்டம்பரில் ஷாஜகான் படுக்கையில் விழுந்தார். தினமும் மாடத்தில் நின்று ஜனங்களுக்கு முகம் காட்டுகிற வழக்கம் நின்றது. தாரா செய்த பெரிய தப்பு இங்கேதான். தம்பிகளுக்குக் கடிதம் போகாமல் தடுத்தார், அவர்களுடைய ஆட்களைக் காவலில் வைத்தார். அப்பா உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? பிறகு அவர் தேறி எழுந்து தானே கடிதம் எழுதியும் பிள்ளைகள் நம்பவில்லை. அண்ணன்தான் அப்பா மாதிரி எழுதி அனுப்புகிறார் என்றார்கள். ஷூஜா ராஜ்மஹாலில் முடிசூட்டிக்கொண்டார். முராத் தன் திவான் அலி நகியைத் தன் கையால் குத்திக் கொன்றுவிட்டு அகமதாபாத்தில் முடிசூட்டிக்கொண்டார். ஔரங்கசீப் மட்டும் அவசரப்படவில்லை.

1658 மே மாதக் கடைசி, ஆக்ராவுக்குப் பக்கத்தில் சாமூகர். வடக்கத்திய கோடை. இரும்புக் கவசம் உடம்பைச் சுட்டது, வெயிலிலேயே ஆட்கள் விழுந்தார்கள். சண்டையின் நடுவில் தாரா யானையிலிருந்து இறங்கிக் குதிரையில் ஏறினார். அம்பாரி காலியாக இருந்ததைப் பார்த்த படை, இளவரசர் விழுந்துவிட்டார் என்று நினைத்துச் சிதறி ஓடியது. அந்தக் களத்தில் தாராவின் பீரங்கிப் படையில் வெனிஸ்காரப் பையன் ஒருவர் இருந்தார், நிக்கோலா மனூச்சி. பிற்காலத்தில் சென்னைக்கு வந்து குடியேறியவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்தச் சண்டைகளில் செத்த ஆயிரக்கணக்கான பேரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, நாமெல்லாருமே இளவரசர்களைத்தான் எண்ணுகிறோம். பூந்தி ராஜா சத்ரசால் சாமூகரில் தாராவுக்காக உயிரை விட்டார். அவர் பெயராவது தெரிகிறது. அவருக்குப் பின்னால் வந்த ஆட்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? அந்தச் சாவுகளில் நான்கு பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு, தகப்பனுக்கும் உண்டு.

சரி, ஔரங்கசீப்புக்கு வருவோம். அவர் போருக்குக் கிளம்பியதை அந்த வீட்டின் வழக்கத்தை வைத்துப் புரிந்துகொள்ள முடிகிறது. ஜெயித்த பிறகு செய்ததற்கு எந்தச் சமாதானமும் எனக்குக் கிடைக்கவில்லை. 1659 ஆகஸ்டில் தாராவை அழுக்கு உடையில், கிழட்டு யானை மேல் உட்கார வைத்து, பக்கத்தில் சின்ன மகனையும் வைத்து, டெல்லி வீதிகளில் ஊர்வலம் விட்டார்கள். பெர்னியர் என்ற பிரெஞ்சு வைத்தியர் கடைவீதியில் நின்று பார்த்தார். ஜனங்கள் வாய்விட்டு அழுததை எழுதியிருக்கிறார். அடுத்த சில நாளில் தாரா கொல்லப்பட்டார். மதத்தை விட்டு விலகினார் என்பது குற்றச்சாட்டு. அதை நம்புகிறவர்கள் முராதைப் பார்க்க வேண்டும். முராத் மேல் அப்படி ஒரு பேச்சே இல்லை. ஔரங்கசீப்போடு தோளோடு தோள் நின்று சண்டை போட்டவர். அவரை மதுராவில் விருந்துக்குக் கூப்பிட்டு, அசந்து தூங்கும்போது பிடித்து, டெல்லியிலும் பிறகு குவாலியர் கோட்டையிலுமாக மூன்றரை வருஷம் அடைத்துவைத்து, 1661 டிசம்பரில் அலி நகி கொலைக்குப் பழிக்குப் பழி என்று தீர்ப்பு வாங்கித் தீர்த்தார்கள். அகமதாபாத்தில் விழுந்த அந்தப் பிணத்தைப் பற்றி, தம்பி தேவைப்பட்ட காலம் முழுக்க அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஷூஜா அரக்கானுக்கு, இன்றைய மியான்மர் பக்கம், ஓடி அங்கே குடும்பத்தோடு அழிந்தார்.

என்னைத் தூங்கவிடாதது தாராவின் மூத்த மகன் சுலைமானின் சாவு. விலங்கோடு சபையில் நிறுத்தப்பட்டபோது அந்த இளைஞர் கேட்டது ஒன்றே ஒன்று: எனக்குக் கசகசாத் தண்ணீர் கொடுப்பதாக இருந்தால், இப்போதே கொன்றுவிடுங்கள். கசகசாச் செடியின் காயை நசுக்கி இரவெல்லாம் ஊறவைத்த தண்ணீர் அது. காலையில் அதைக் குடித்தால்தான் சாப்பாடு. மாசக் கணக்கில் குடித்தால் உடம்பும் புத்தியும் சேர்ந்து கரையும். கொடுக்க மாட்டேன் என்று சித்தப்பா எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். பிறகு குவாலியரில் அதையே கொடுத்தார்கள். சுலைமான் 1662இல் செத்தார். பெர்னியர் அந்தச் சபையிலும் இருந்தார். இந்த வாக்கை மீறச் சொல்லி ஷாஜகான் கட்டாயப்படுத்தவில்லை. எந்த வழக்கமும் கட்டாயப்படுத்தவில்லை. இது முழுக்க முழுக்க ஔரங்கசீப் கணக்கு.

ஆனால் இதையும் சேர்த்துப் படியுங்கள். தான் கொன்ற தாராவின் இளைய மகனுக்கும், தான் கொன்ற முராதின் மகனுக்கும், பின்னால் ஔரங்கசீப் தன் பெண்களையே கட்டிக்கொடுத்தார். அப்படியானால் அந்த வீட்டில் தோற்றவர்களோடு சேர்ந்து வாழ வழி இருந்திருக்கிறது. சம்பந்தம் பேச முடிந்த இடத்தில் சமாதானமும் பேசியிருக்கலாம். முதலில் பேசியிருக்க வேண்டியவர், நாலு பேரும் உயிரோடு இருந்தபோது அதற்கு அதிகாரம் இருந்த ஒரே ஆள், ஷாஜகான். முப்பது வருஷம் கையில் இருந்தது. அவர் தாஜ்மகாலில் மனைவி பக்கத்தில் படுத்திருக்கிறார். தாரா ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் எங்கேயோ இருக்கிறார். அங்கே பெயர் வெட்டாத சமாதிகளே நிறைய. எது அவருடையது என்று கண்டுபிடிக்க மத்திய அரசு 2020இல் ஒரு குழுவே போட்டது.

கடைசிக் கேள்வி: தாரா ஜெயித்திருந்தால்? உபநிடதங்களைப் பாரசீகத்தில் கொண்டுவந்த மனிதர் என்பதால் எனக்கும் அவர் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் மனூச்சி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். பிடிபட்ட தாராவிடம் ஔரங்கசீப் ஆள் அனுப்பிக் கேட்டாராம்: நீ என் இடத்தில் இருந்தால் என்னை என்ன செய்வாய்? உடம்பை நாலாக வெட்டி டெல்லியின் நாலு வாசலிலும் தொங்கவிடுவேன் என்று தாரா பதில் சொன்னாராம். எதிரி கட்டிவிட்ட கதை என்றால் தள்ளிவிடுவேன். எழுதியவர் சாமூகரில் தாராவுக்காக நின்றவர், சாகும்வரை தாராவை நேசித்தவர்.