சப்ளையர் அனுப்பிய சான்றிதழ்களை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: மரம் வெட்டும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். கிளைகளை அரைக்கும் சிப்பர் ஒன்றும் இரண்டு செயின்சாவும் வாங்க வேண்டும். ஒரு சப்ளையர் விலையைக் குறைத்துச் சொல்கிறார், 20 ஆண்டு அனுபவம் என்கிறார். ஐஎஸ்ஓ, பிஸ்சேஃப், ஆர்பரிஸ்ட் என்று சான்றிதழ்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?
- வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அத்தனையும் அசலாகவே இருக்கட்டும். அதில் ஒன்றாவது சிப்பரைப் பற்றிச் சொல்கிறதா? ஆர்பரிஸ்ட் சான்று மரப் பராமரிப்பு தெரிந்த தனி ஆளுக்குக் கொடுப்பது. பிஸ்சேஃப் சப்ளையர் நிறுவனத்தின் வேலையிடப் பாதுகாப்புக்கு. ஐஎஸ்ஓ 9001 நிர்வாக முறைக்கு. அதிலும் எந்த வேலைக்குச் சான்று என்று சொல்லும் 'ஸ்கோப்' வரியைப் படியுங்கள், பூச்செடி விற்பனைக்கு வாங்கியதாகக்கூட இருக்கும்.

நிறுவனத்தின் பதிவு எண்ணான யூஇஎன் எண்ணைக் கேட்டு வாங்கி, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடுங்கள். நிறுவனம் நடப்பில் இருக்கிறதா என்று காசில்லாமல் தெரியும். இங்கே பதிவான பிரைவேட் லிமிடெட் என்றால் எண்ணின் முதல் நான்கு இலக்கங்களே பதிவான ஆண்டைச் சொல்லிவிடும். 2023 என்று தொடங்கினால், அந்த 20 ஆண்டு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். முதலாளி வேறு கம்பெனியில் வேலை பார்த்த அனுபவமாகவும் இருக்கலாம், அதில் தப்பில்லை. விலைப்பட்டியலில் 9% ஜிஎஸ்டி போட்டிருந்தால் வரி ஆணையமான ஐராஸ் தளத்தில் அவர் பெயரைப் பாருங்கள். பதிவில்லாதவர் அந்த வரியை வசூலிக்கக் கூடாது.

அப்புறம், நான் பெரிதாக மதிக்கும் காகிதம் தயாரிப்பாளர் கொடுத்த டீலர் கடிதம். ஸ்டில், ஹுஸ்க்வார்னா போன்றவர்களின் தளத்திலேயே டீலர்களைத் தேடலாம். கடிதத்தில் அச்சடித்த எண்ணைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், யார் எடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு நேரில் போய்ப் பட்டறையைப் பாருங்கள். சிப்பர் பிளேடு தேயும் சாமான். அதே மாடலுக்கு பிளேடும் பெல்ட்டும் அலமாரியில் இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். செயின்சாவில் முன்கைப்பிடிக்கு எதிரே உள்ள கேடயத்தை முன்பக்கம் தள்ளினால் செயின் பிரேக் பூட்டிக்கொள்ள வேண்டும். அதைச் செய்து காட்டத் தெரியாதவரிடம் சர்வீஸை எதிர்பார்க்க முடியாது.

இருப்பில் உள்ள எந்திரத்துக்குப் பாதி முன்பணம் ரொம்ப அதிகம். கொஞ்சம் கொடுத்து, ஓட்டிப் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். வங்கிச் செயலியில் பணம் அனுப்பும் பேநௌவில் யூஇஎன் எண்ணுக்கே அனுப்புங்கள். உறுதிசெய்யும் முன் திரையில் வரும் பெயரும் இன்வாய்ஸில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் போடச் சொன்னால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

தொழிலுக்காகக் கம்பெனி பெயரில் வாங்குவதால் தகராறு வந்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் அமைப்பு கைகொடுக்காது. ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை விசாரிக்கும். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆகவே மாடல், சீரியல் எண், உத்தரவாதக் காலம் எல்லாவற்றையும் இன்வாய்ஸிலேயே எழுதி வாங்குங்கள். டெலிவரி அன்று எந்திரத்தின் தகட்டில் உள்ள சீரியல் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.