ஸ்டியரிங்கில் உங்கள் கையும் இருக்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 66, கணவருக்கு 68. நியூ ஜெர்சியில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறோம். இந்த மார்ச்சில் அவர் ஓய்வு பெற்றார். மகன் வர்ஜீனியாவில், மகள் சான் ஹோசேயில். ஒரு மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாங்கி, மகன் வீட்டில் தொடங்கி மகள் வீடு வரை அமெரிக்காவைக் குறுக்கே கடக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. 34 அடி வண்டி ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டார். ஜூனில் கிளம்பி 18 நாளில் போய்ச் சேர்வதாகத் திட்டம். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன், சமைப்பேன். எனக்கும் ஆசைதான். ஆனால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இருக்கிறது. நடுவழியில் ஏதாவது ஆகிவிட்டால்? பிள்ளைகள் "இந்த வயசுல எதுக்கும்மா" என்கிறார்கள். போகலாமா, வேண்டாமா? வண்டிக்குள் தினமும் விளக்கேற்றலாமா என்பதையும் சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நியூ ஜெர்சி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். கட்டாயம் போங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டுப் போங்கள். "அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், நானும் அப்படித்தான் கிளம்பினேன். சில வருடங்களுக்கு முன்னால் நானும் என் கணவரும் 25 அடி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து மேற்கே போனோம். வயோமிங்கில் 80-ஆம் எண் நெடுஞ்சாலை. லாரமி தாண்டியதும் காற்று ஆரம்பித்தது. அந்தச் சாலையில் காற்று எப்படி அடிக்கும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். உயரமான வண்டிகள் போகக் கூடாது என்று மின்பலகையில் போட்டு, சாலையையே மூடிவிடும் நாட்களும் உண்டு. அன்று மூடவில்லை. திடீரென்று இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினார். முகமெல்லாம் வியர்வை. சிறுநீரகக் கல் என்பது பிறகுதான் தெரிந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. அடுத்த ஊரான ராலின்ஸ் போக இன்னும் 60 மைல். அதுவரை அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

இருக்கையை முன்னால் இழுக்கும் பிடி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் வலியோடு கையை நீட்டிக் காட்டினார். மணிக்கு 45 மைல் வேகத்தில், பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஒதுங்கிப் போக, ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி நின்றன. அவருக்கு இரண்டே நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த 60 மைலை ஒரு காலி மைதானத்தில் முன்கூட்டியே ஓட்டிப் பழகியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்களுக்கு அது நேரக் கூடாது.

அதனால் முதலில், வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். புது மோட்டார்ஹோம் கடையை விட்டு வெளியே வந்த அன்றே விலை இறங்கத் தொடங்கிவிடும். பிறகு காப்பீடு, பராமரிப்பு, குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைக்க வாடகை என்று செலவு நீளும். பல குடியிருப்புச் சங்கங்கள் வீட்டு வாசலில் நிறுத்தவே விடாது. 34 அடியும் வேண்டாம். தேசியப் பூங்காக்களில் உள்ள பழைய முகாம்களில் பல இடங்கள் 30 அடிக்கு மேற்பட்ட வண்டிக்குப் போதாது. ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, சி வகை, அதில் 24, 25 அடி வண்டி இரண்டு பேருக்குத் தாராளம். சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் ஒப்படைக்கத் தனிக் கட்டணம் உண்டு. கொடுத்துவிடுங்கள். மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு விமானத்தில் திரும்பலாம்.

பெரிய பயணத்துக்கு முன்னால் அதே அளவு வண்டியை ஒரு வாரக் கடைசிக்கு எடுத்து, வீட்டிலிருந்து 50 மைலுக்குள் உள்ள முகாம் ஒன்றில் இரண்டு இரவு தங்குங்கள். ஞாயிறு காலையில் ஏதாவது ஒரு பெரிய காலி பார்க்கிங்கில் நீங்கள் ஓட்டுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நெடுந்தூரம் நீண்டிருக்கும். இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் வீசும். அதைக் கண்ணால் பார்த்தால் போதும், பாதி பயம் போய்விடும். நெடுஞ்சாலையில் தினமும் ஒரு மணி நேரமாவது நீங்கள் ஓட்ட வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் "எதுக்கு உனக்குச் சிரமம்" என்பார். பிரியத்தில்தான் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஓட்டுவது மட்டுமல்ல, கழிவுத் தொட்டி காலி செய்வதையும் இருவரும் கற்றுக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கழிவு போவது பிளாக் டேங்க். குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர் போவது கிரே டேங்க். கையுறை போட்டுக்கொண்டு, குழாயை மாட்டி, முதலில் பிளாக் டேங்கைத் திறக்க வேண்டும். அது முடிந்ததும் கிரே. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். முகாமில் கழிவுக் குழாய் இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் டேங்கைத் திறந்தே வைத்தால், தண்ணீர் மட்டும் ஓடிப்போய்க் கட்டியானது உள்ளேயே தங்கிவிடும். முக்கால் பங்கு நிறையும் வரை மூடி வையுங்கள்.

அடுத்தது அந்த 18 நாள் திட்டம். நான் சொல்லப்போகும் வழியில் சுற்றிப் போனால் ஏறக்குறைய 3,600 மைல் வரும். 18 நாள் என்றால் தினமும் 200 மைல். காரில் அது ஒன்றுமே இல்லை. மோட்டார்ஹோமில் தினமும் காலையில் மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், டம்ளர் உருளாமல் அலமாரிகளைப் பூட்ட வேண்டும், மாலையில் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். நான்காம் நாளே வெறுத்துவிடும். ஆர்.வி.காரர்கள், அதாவது மோட்டார்ஹோமில் சுற்றுபவர்கள், மூன்று மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் போகாதே, மாலை 3 மணிக்குள் முகாமுக்குப் போய்விடு, ஓரிடத்தில் 3 இரவு தங்கு. அப்படிப் பார்த்தால் 12 ஓட்டம், 36 இரவு. வழியில் இரண்டொரு நாள் கூடட்டும். ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவருக்கு எந்த அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது?

ஜூனும் வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் கிளம்புங்கள். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே கழிந்தால் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் குறைந்துவிடும், வெயிலும் தணியும். வழியில் வரும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்று இணைப்பும் உள்ள முகாம் ஒன்றே ஒன்றுதான், ஃபிஷிங் பிரிட்ஜ். அங்கே இடம் கிடைத்த தேதியை வைத்து மற்ற நாட்களைக் கணக்கிடுங்கள்.

வழி என்று பார்த்தால், நியூ ஜெர்சியிலிருந்து மகன் வீட்டுக்கு 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் போகாதீர்கள். பால்டிமோரில் அந்தச் சாலை துறைமுகத்துக்கு அடியில் சுரங்கத்தில் போகிறது. சமையல் கேஸ் உருளை வைத்திருக்கும் மோட்டார்ஹோமுக்கு அங்கே அனுமதி இல்லை. மாற்று வழியாக இருந்த கீ பாலமும் 2024 மார்ச்சில் கப்பல் மோதி இடிந்துவிட்டது. ஹாரிஸ்பர்க் போய் 81-ஐப் பிடித்து இறங்குவது நிம்மதி. வர்ஜீனியாவிலிருந்து பிட்ஸ்பர்க். பென் ஹில்ஸ் பெருமாளைச் சேவித்துவிட்டு, சிகாகோ பக்கம் அரோரா பாலாஜி கோயில். அதற்கு அப்புறம் வெகுதூரத்துக்குப் புளியோதரை கிடைக்காது. தெற்கு டகோட்டாவில் பேட்லாண்ட்ஸ், பிளாக் ஹில்ஸ். பிறகு 90-இலேயே பில்லிங்ஸ், லிவிங்ஸ்டன் வரை போய், கார்டினர் வழியாக யெல்லோஸ்டோனுக்குள் நுழையுங்கள். பிக்ஹார்ன் மலையில் வண்டியை ஏற்றும் சிரமம் மிச்சமாகும். கடைசியாக சால்ட் லேக் சிட்டி, நெவாடா, 80-இல் கலிஃபோர்னியா.

உங்கள் வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் அடி, அங்குலமாகக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கைபேசி காட்டும் வழிக்கு உங்கள் வண்டி காரா வீடா என்று தெரியாது. பிளாக் ஹில்ஸில் நீடில்ஸ் நெடுஞ்சாலை என்று ஓர் அழகான சாலை. அதில் நீடில்ஸ் ஐ சுரங்கத்தின் அகலம் 8 அடிதான். அந்தச் சாலையைப் பார்க்க ஆசையாக இருந்தால் வண்டியை முகாமில் விட்டுவிட்டு ஒரு நாள் கார் வாடகைக்கு எடுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கேலனுக்கு 9 மைல் கிடைக்கும் என்று வையுங்கள். 3,600 மைலுக்கு 400 கேலன். கேலன் மூன்றரை டாலர் என்றால் பெட்ரோலுக்கு மட்டும் 1,400 டாலர். உங்களுக்கு 62 வயது தாண்டிவிட்டதால், குடியுரிமையோ பச்சை அட்டையோ இருந்தால், தேசியப் பூங்காக்களுக்கு ஆயுள் முழுவதற்குமான மூத்தோர் பாஸ் 80 டாலரில் கிடைக்கும். ஒருவர் வாங்கினால் வண்டியில் இருக்கும் இருவருக்கும் போதும். சில முகாம்களில் பாதிக் கட்டணமும் கழியும்.

உடம்பு விஷயத்தில் பிள்ளைகளின் கவலை நியாயமானது. அதற்கு ஏற்பாடு செய்யலாம். மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். பழைய மெடிகேர் என்றால் அதை ஏற்கும் எந்த மாநில மருத்துவரிடமும் காட்டலாம். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் என்றால் பல திட்டங்கள் சொந்தப் பகுதிக்கு வெளியே அவசர சிகிச்சைக்கு மட்டுமே பணம் கொடுக்கும். கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மருந்துச் சீட்டை எல்லா மாநிலத்திலும் கிளை உள்ள மருந்துக் கடைக்கு மாற்றிவிடுங்கள். யெல்லோஸ்டோனில் பல இடங்கள் 7,000, 8,000 அடி உயரத்தில் இருக்கின்றன. முதல் நாள் மூச்சு வாங்கும். ரத்த அழுத்தக்காரர் அன்று நடக்காமல் உட்கார்ந்திருக்கட்டும். அப்புறம், நீங்கள் ஓட்டப் பழகியிருக்கிறீர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து, மிளகாய் கிள்ளிப் போட்டதுதான் தாமதம், தலைக்கு மேல் புகை அலாரம் அலறத் தொடங்கிவிடும். கண்ணெல்லாம் எரிய, ஜன்னல் திறக்க ஒருவர், துண்டை விசிற ஒருவர். ஒற்றை அடுப்பு ஒன்றை எடுத்துப் போனால் முகாமில் உள்ள மரமேஜையிலேயே தாளிக்கலாம். கறிவேப்பிலை, எலுமிச்சை இரண்டையும் நெவாடாவிலேயே தீர்த்துவிடுங்கள். டிரக்கியில் கலிஃபோர்னியா வேளாண் சோதனைச் சாவடி வரும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும். பழத்தோட்டக்காரர்களின் பிழைப்பு அது, ஒளித்து வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது சண்டை வரும். முப்பது நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கும் வரும். நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஓட்டுபவர் கண்ணாடியில், வழி காட்டுபவர் தெரியவில்லை என்றால் வண்டி உடனே நிற்க வேண்டும். கத்த வேண்டாம், கை ஜாடை போதும். முதல் இரண்டு வாரம் முன்பக்கமாகவே நுழைந்து வெளியேறும் இடமாகக் கேட்டு வாங்குங்கள். தினமும் ஒரு மணி நேரம் இருவரும் தனித்தனியே இருங்கள். அவர் நாற்காலியை ஆற்றைப் பார்த்துப் போடட்டும். நீங்கள் மலையைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கு. வண்டிக்குள் வேண்டாம். கேஸும் திரைச்சீலையும் மரப்பலகையும் நெருங்கியிருக்கும் இடம் அது. வெளியே மேஜையில் ஏற்றலாம், ஆனால் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மேற்கு மாநிலங்களில் தீத்தடை போட்டிருப்பார்கள். முகாம் வாசல் பலகையைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். தடை உள்ள நாளுக்கு பேட்டரி அகல் ஒன்று எடுத்துப்போங்கள். பேட்லாண்ட்ஸில் மூன்று மாலையும் நாங்கள் அதைத்தான் வைத்தோம். எதிரே பாறை வரிவரியாகச் சிவந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில் எண்ணெய் விளக்கு ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது.