டெல்லி வரும் வெளிநாட்டு உறவினர்களுக்கு குதுப் மினாரில் எந்த டிக்கெட்?

யாழ்ப்பாணச் சித்தப்பா, டொராண்டோ அத்தை, கோலாலம்பூர் மாமா மூவரும் கரோல் பாக் வீட்டுக்கு வருகிறார்கள், யாருக்கு எந்தக் கட்டணம் என்று கேட்டிருக்கிறீர்கள். முகமோ மொழியோ கணக்கில் வராது; பாஸ்போர்ட்தான் பேசும்.

இந்தியத் தொல்லியல் துறையின் 2018 ஆகஸ்ட் கட்டண மாற்றத்தின்படி குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை இரண்டிலும் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆன்லைனில் எடுத்தால் 35, 550. புராணா கிலா, ஜந்தர் மந்தர் போன்ற இரண்டாம் வகை இடங்களில் 25, 300. பதினைந்து வயதுக்குட்பட்டோர் யாராயினும் இலவசம்.

சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவருக்கு இந்தியக் கட்டணமே. எனவே இலங்கை பாஸ்போர்ட் உள்ள சித்தப்பாவுக்கு 40தான். கனடா பாஸ்போர்ட் வாங்கிவிட்ட அத்தை, அதே யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தாலும், 600 கட்ட வேண்டும். மலேசியா இவ்விரு அமைப்பிலும் இல்லை. ஆனால் மாமாவிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் இந்தியக் கட்டணம். அசல் அட்டையைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் சிக்கல் ஆன்லைனில்தான் வரும். குடும்பம் முழுவதற்கும் 'இந்தியர்' என்று அழுத்திவிடுவார்கள். வாசலில் பாஸ்போர்ட் கேட்டால் அந்த டிக்கெட் செல்லாது, வரிசையில் நின்று புதிதாக வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நாட்டைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள்.

அப்படியே ஆக்ரா போவதாக இருந்தால் சித்தப்பாவுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. தாஜ் மஹாலில் தொல்லியல் துறைக் கட்டணத்தோடு ஆக்ரா வளர்ச்சி ஆணையத்தின் கட்டணமும் சேரும். அதில் சார்க் சலுகை கிடையாது. 40 உடன் 500 சேர்ந்து 540. அத்தைக்கு 1,100. கல்லறை மேடை ஏற இன்னும் 200, இது எல்லாருக்கும். வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும்.