எதிர்ச்சரிவு – கடிதம்

வணக்கம்.

ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவில் நடைபயணம் போனதைப் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை பொறாமையோடு, இரண்டாம் முறை கொஞ்சம் எரிச்சலோடு. எரிச்சலின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் வயேஎர்மோசோ என்ற ஊரில் கிளம்பி, மலைமுகடு ஏறி, கடற்கரைக்கு இறங்கி, மாலையில் அதே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். சிகரம் எதையும் தொடவில்லை. போய்ச் சேர்ந்த இடம் என்றும் ஒன்றுமில்லை. நான் பதினாறு வருடங்களாகத் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவள். அங்கே நடுவில் அண்ணாமலையார் இருக்கிறார். உங்கள் சுற்றுக்கு நடுவில் யார் இருந்தார்கள்? சாமி இல்லாத கிரிவலத்துக்கு ஏழு மணி நேரமா?

இன்னொன்று. அந்தத் தீவுக்காரர்கள் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு விசிலடித்து 'சங்கேதம்' அனுப்புவார்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது சங்கேதம் இல்லை, பேச்சேதான் என்கிறாள் என் மகள். யார் சொல்வது சரி?

அவள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். வரும் பிப்ரவரியில் அங்கே கூட்டிப்போகிறேன் என்கிறாள். எனக்கு வயது 58. இடது முட்டியில் தேய்மானம். போகலாமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

மகள் சொல்வதுதான் சரி. 'சங்கேதம்' என்பது என் பிழை, திருத்திவிட்டேன்.

பிழை எப்படி வந்தது என்றால், நான் அதை முதலில் கேட்டது ஓர் உணவகத்தில். ஒரு பயணியின் மூக்குக்கண்ணாடியை வாங்கி இன்னொருவரின் பைக்குள் ஒளித்துவைத்தார்கள். உள்ளே நின்றவர் விசிலடித்தார். வெளியே நின்றவர் நேராக வந்து அந்தப் பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினோம். முன்கூட்டியே பேசிவைத்த குறிகள், வித்தை காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தேன். ஒரு விஷயத்தை முதன்முதலில் காட்சிப்பொருளாகப் பார்த்துவிட்டால் அப்புறம் அது உண்மையிலேயே என்ன என்று கேட்கத் தோன்றுவதில்லை.

சில்போ என்கிற அந்தச் சீழ்க்கைப் பேச்சு ஸ்பானிய மொழியேதான். ஒரு விரலை மடித்து வாய்க்குள் வைத்து, மறுகையைக் குவித்து, பேச நினைத்ததை அப்படியே சீழ்க்கையாக ஊதுகிறார்கள். ஸ்பானியத்தின் ஐந்து உயிரொலிகளும் இரண்டு சீழ்க்கைகளாகச் சுருங்கும், மெய்யொலிகள் அத்தனையும் நான்காக. ஆறே ஒலிகளில் எப்படிப் பேச முடியும் என்று கேட்பீர்கள். நாம் ஒரே ஒரு 'க'வை வைத்துக்கொண்டு கடல், அகம், தங்கம் மூன்றையும் எழுதவில்லையா? எழுத்து ஒன்று, ஒலி மூன்று. வாசிக்கிறவருக்கு இடம் பார்த்துத் தெரிந்துவிடுகிறது. அங்கேயும் அப்படித்தான். கேட்கிறவர் இடம் பார்த்துப் பொருள் கொள்கிறார், புரியாவிட்டால் திரும்பக் கேட்கிறார். சங்கேதத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மட்டும்தான் சொல்லலாம். இதில் எதையும் சொல்லலாம், வம்பு உட்பட. ஸ்பானியர்கள் 15ஆம் நூற்றாண்டில் தீவைப் பிடிப்பதற்கு முன்பே இங்கிருந்தவர்கள் தங்கள் மொழியை இப்படி ஊதினார்கள் என்று கருதுகிறார்கள். அந்த மொழி செத்துப்போயிற்று. சீழ்க்கை மட்டும் பிழைத்து ஸ்பானியத்துக்குள் புகுந்துகொண்டது. 1999 முதல் தீவின் பள்ளிகளில் அது கட்டாயப் பாடம். 2009இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இது ஏன் இந்தத் தீவில் வளர்ந்தது என்பதற்குப் பதில் சொன்னாலே உங்கள் கிரிவலக் கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடும்.

லா கொமேராவின் வடிவத்தை மனதில் கொண்டுவர, விரித்த குடை ஒன்றைத் தரையில் வைத்துப் பாருங்கள். குறுக்களவு சுமார் 25 கிலோமீட்டர். நடுவில் கராஹோனாய் சிகரம், 1,500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து எல்லாத் திசையிலும் கடல்வரை ஓடும் குடைக்கம்பிகள்போல மலைமுதுகுகள், கம்பிக்குக் கம்பி நடுவே ஆழமான பள்ளங்கள். அவற்றை அவர்கள் பர்ராங்கோ என்கிறார்கள். ஊர்கள் அந்தப் பள்ளங்களில் இருக்கின்றன. எதிர்ச்சரிவு வீட்டில் துணி காய்வது இங்கிருந்து தெரியும். அந்த வீட்டுக்குப் போக இறங்கி ஏற வேண்டும், அரைநாள் போய்விடும். கண்ணுக்கும் காதுக்கும் பக்கம், காலுக்குத் தூரம். தார்ச்சாலை வருவதற்கு முந்தைய அந்த ஊர்களின் வாழ்க்கையை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம். சீழ்க்கை மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் கேட்கும்.

இந்தப் பள்ளங்களை வெட்டியது தண்ணீர். தீவு எரிமலையில் பிறந்ததுதான், ஆனால் சுமார் 20 லட்சம் ஆண்டுகளாக இங்கே எரிமலை வாய் திறக்கவில்லை. அண்டைத் தீவான லா பால்மாவில் 2021 செப்டம்பரில் தொடங்கிய வெடிப்பு டிசம்பர்வரை நீடித்து, வீடுகளையும் வாழைத்தோட்டங்களையும் விழுங்கியது. இந்தப் பக்கம் தெனெரிஃபேயில் 3,715 மீட்டர் தெய்தே இன்னும் உயிருள்ள எரிமலை. நடுவில் கொமேரா மட்டும் கிழட்டுத் தீவு. புதிதாக எதுவும் சேரவில்லை, இருப்பதையெல்லாம் மழையும் காற்றும் அரித்துக்கொண்டே இருக்கின்றன. (உங்கள் அண்ணாமலை நெருப்பே மலையாக நின்றது என்று தலபுராணம் சொல்கிறது. ஆனால் அது எரிமலை இல்லை. இங்கே அசல் எரிமலை, நெருப்பின் ஞாபகம்தான் இல்லை.)

கிரிவலத்தில் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு அதன் அடிவாரத்தில் 14 கிலோமீட்டர் நடக்கிறீர்கள். மலை நடுவில், நீங்கள் விளிம்பில். நான் நடந்த சுற்றில் மலைக்கு வெளியே நிற்கவே முடியாது. வயேஎர்மோசோ ஊரிலிருந்து மேற்குச் சரிவில் சுமார் 500 மீட்டர் உயரம் ஏறினால் முகட்டில் சாந்தா கிளாரா என்ற ஒரு கிறிஸ்தவக் கோயில். குமரிப் பக்கம் குருசடி என்பார்களே, அதைவிடக் கொஞ்சம் பெரியது. அங்கிருந்து முகட்டின்மேலேயே வடக்கே நடக்க வேண்டும். வழியில் குவாதலூபே மாதாவுக்கு இன்னொரு குருசடி. தீவின் காவல் தெய்வம் அவள்தான். (சாமியே இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.) பிறகு சிஹெரே என்ற இடத்தின் செம்மண் வெளி, செங்குத்தான இறக்கம், கடற்கரை, அங்கிருந்து பள்ளத்தாக்கின் அடியில் சாலை வழியே ஊர். ஆக, நான் சுற்றியது ஒரு சரிவை. அதன்மேல் ஏறினேன், தலையில் நடந்தேன், பிறகு காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

ஏறும்போது அந்தச் சரிவில் நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? என் செருப்பின் முனை, ஒரு கல், அடுத்த கல். முட்டி உயரத்துக்கு ஒரு கற்சுவர் வந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. ஏதோ ஆட்டுப்பட்டி என்று நினைத்துத் தாண்டிக்கொண்டே போனேன். மாலையில் பள்ளத்தாக்கின் அடியில் கால் வலியோடு வந்துகொண்டிருந்தபோது, வாழைத்தோட்டத்தில் நின்ற ஒரு பெரியவர் மேலே பார்த்து ஊதினார். சில நொடிகளில் மேலிருந்து பதில் வந்தது. எங்கிருந்து என்று திரும்பிப் பார்த்தேன். ஊதியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சரிவுதான் தெரிந்தது. சாய்ந்த வெயில் பட்டு, அடியிலிருந்து உச்சிவரை கோடு கோடாகச் சுவர்கள். முழு மலையையும் படிக்கட்டாக வெட்டி, மண் சரியாமல் சாந்து இல்லாமல் கல் அடுக்கி, ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கெல்லாம் வயல் கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் தரிசு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கூட்டம் கூட்டமாகத் தெனெரிஃபேக்கும் வெனிசுவேலாவுக்கும் பிழைக்கப் போனார்கள். வயலை விட்டுப் போனார்கள், சுவர் நிற்கிறது. காலையில் ஒன்றரை மணி நேரம் அதற்குள்ளேயேதான் நடந்திருக்கிறேன். கண்ணில் படவில்லை.

வந்த வழியே திரும்பியிருந்தால் அது கடைசிவரை தெரிந்திருக்காது. ஏழு மணி நேரத்துக்கு நான் காட்டக்கூடிய கணக்கு இதுதான்.

முகட்டிலும் இதே கதைதான். வடகரையில் லொஸ் ஓர்கனோஸ் என்று ஒரு பாறைமுகம் இருக்கிறது. எரிமலைக் குழம்பு மெல்ல ஆறும்போது சுருங்கி வெடித்து, பட்டை தீட்டிய தூண்கள் அடுக்கியதுபோல நிற்கிறது. தேவாலய ஆர்கனின் குழாய்கள் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். தீவின் படங்களில் எல்லாம் அதுதான். ஆனால் கடலில் படகில் போனால்தான் அதைப் பார்க்க முடியும். அந்தக் கரைக்கு மேலே நடந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் செம்மண்ணும், அடிவானத்தில் லா பால்மாவும்தான்.

நடுவில் யார் என்று கேட்டீர்கள். நடுவில் இல்லை, எதிரே ஒருவர் இருந்தார். ஊரின் கிழக்கே ரோக்கே கானோ, தனியாக நிற்கும் ஒற்றைப் பாறை, உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர். முகட்டில் பெரும்பாலும் என் வலப்பக்கமேதான் இருந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். எரிமலையின் தொண்டையில் ஏறிய குழம்பு வெளியே வராமல் அங்கேயே இறுகிவிட்டது. சுற்றியிருந்த மலை மெதுவான மண், கரைந்துபோயிற்று. தொண்டைக்குள் அடைத்தது மட்டும் மிச்சம். சுவாமிமலையில் ஐம்பொன் வார்ப்பைப் பார்த்திருக்கிறீர்களா? மண் அச்சுக்குள் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்து எடுப்பார்கள். ரோக்கே கானோ அச்சு உடைந்தபின் நிற்கும் வார்ப்பு. உடைத்து முடிக்கப் பல லட்சம் வருடம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பனையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இன்னொரு வாசகரும் கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கு முழுக்கக் கனாரிப் பனைகள். பனை என்றாலும் பேரீச்சையின் நெருங்கிய உறவு. நம் பனையேறிகள் பாளையைச் சீவுவார்கள். இங்கே உச்சியின் நடு ஓலைகளைக் கழித்துக் குருத்தையே செதுக்குகிறார்கள். இரவெல்லாம் சாறு வடியும், பெயர் குவாராப்போ. வெயில் ஏறினால் புளித்துவிடும் என்பதால் விடியும் முன் இறக்கிவிட வேண்டும். பாகாகும்வரை காய்ச்சி, 'பனைத்தேன்' என்று விற்கிறார்கள். மரத்தின் நடுவில் தகரப்பட்டை சுற்றியிருந்தால் அது சாறு இறக்குகிற மரம். எறும்பும் பல்லியும் ஏறாமல் இருக்கத்தான் அந்தத் தகரம். குருத்தைச் செதுக்கிய மரத்தைப் பிறகு சில வருடம் சும்மா விட்டுவிட வேண்டும். கருப்பட்டிப் பாகு தெரிந்த நாக்கை அது பெரிதாக ஏமாற்றாது. கொஞ்சம் புகை வாசம் தூக்கல். வறுத்த தானிய மாவு, கோஃபியோ என்பார்கள், அதில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால் நம் வீட்டுச் சத்துமாவு உருண்டைதான்.

முட்டி. போகலாம், ஆனால் நான் போனபடி வேண்டாம். முட்டிக்கு எதிரி ஏற்றமில்லை, இறக்கம். சிஹெரேயிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பாதை பொடிக்கல், செங்குத்து. எனக்கே இரண்டு முறை வழுக்கியது. முதல் நாள் சாந்தா கிளாரா வரை மெதுவாக ஏறி, முகட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, வந்த வழியே இறங்கிவிடுங்கள். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் கட்டாயம். இரண்டாம் நாள் ஊரிலிருந்து பள்ளத்தாக்கின் அடியில் கடற்கரைவரை சாலையிலேயே போய்த் திரும்புங்கள். தார்ச்சாலை, அலுப்பாகத்தான் இருக்கும். வெயில் சாய்ந்தபின் திரும்பி நடந்தால், முந்தின நாள் நீங்கள் ஏறிய சரிவைப் பார்க்கலாம். உங்கள் சுற்று இரண்டு நாளில் முடியும். கடற்கரையில் காலை நனைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், வடகரை அலை பொல்லாதது. முன்பு பெஸ்காண்டே என்ற பாரந்தூக்கியில் வாழைத்தார்களோடு மனிதர்களையும் தொங்கவிட்டுத்தான் படகில் ஏற்றினார்களாம்.

தெனெரிஃபேயின் லொஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் ஒரு மணி நேரத்துக்குள் சான் செபாஸ்தியான் வந்துவிடலாம். 1492இல் கொலம்பஸ் மேற்கே கிளம்பிய துறைமுகம் என்று இறங்கியதுமே சொல்வார்கள், தலையாட்டிவிட்டு வயேஎர்மோசோ பஸ்ஸைப் பிடியுங்கள். பஸ்ஸை அங்கே குவாகுவா என்பார்கள். பிப்ரவரியில் முகட்டில் மேகம் இறங்கிவிடும், எதிரே இருப்பவர் தெரியாது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் விலகிவிடும். காற்றுக்குத் தாங்கும் மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி என்றால் தாடைக்குக் கீழ் நாடா கட்டியது. என் தொப்பி அர்குவாமுல் என்ற சிற்றூர்ப் பக்கத்துச் சரிவில் எங்கோ கிடக்கிறது.