நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி?

குடியாத்தம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நன்றாகவே தெரியும். எழுதச் சொன்னால்தான் அது காணாமல் போகிறது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் தம்பி தொலைந்ததை இடைவேளையில் மூச்சுவிடாமல் சொல்கிற பெண், நோட்டைத் திறந்ததும் "ஒரு ஊரில் ஒரு ராஜா" என்று தொடங்கி, அரைப்பக்கத்தில் நீதி சொல்லி முடித்துவிடுகிறாள்.

காரணம் நம் பயிற்சிதான். "காகம் - தாகம் - குடம் - கூழாங்கல்" என்று குறிப்பு கொடுத்து எழுத வைக்கிறோம். என்ன நடக்கும் என்பது முன்பே முடிவாகிவிட்ட கதையில் பிள்ளைக்கு மிச்சமிருப்பது இடைவெளியை நிரப்பும் வேலை மட்டும். தேர்வுக்கு அது வேண்டும், சரி. கதை எழுத அது போதாது.

அதனால் முதலில் வாயால் சொல்ல வையுங்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் சொல்ல, மற்றவர் "அப்புறம்?", "அப்போ நீ இன்னா பண்ணே?" என்று மட்டும் கேட்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் எழுதச் சொல்லுங்கள்.

அப்போதும் "திருவிழாவுக்குப் போனோம், தம்பி தொலைந்தான், கிடைத்தான், வீட்டுக்கு வந்தோம்" என்று எல்லாம் ஒரே வேகத்தில் ஓடும். அங்கேதான் ஆசிரியர் நிறுத்த வேண்டும். "எந்த நொடியில் உனக்குப் பகீர் என்றது? அதை மட்டும் ஒரு பக்கம் எழுது." அந்தப் பெண் அடுத்து எழுதியது: "திரும்பிப் பார்த்தேன். என் கையில் பலூன் நூல் மட்டும் இருந்தது." இந்த வரியை எந்தக் குறிப்பிலிருந்தும் வரவழைக்க முடியாது.

இதைப் புரியவைக்க எங்கள் பக்கத்தில் தெருக்கூத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. கடைசியில் படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்பது கைக்குழந்தை வரை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். துகிலுரியும் கட்டம் ஒன்றையே இரவெல்லாம் ஆட முடிகிறது என்றால், முடிவு தெரிவதல்ல, அந்தக் கட்டத்துக்குள் இருப்பதுதான் நமக்கு வேண்டும். வகுப்பிலும் இரண்டு பேர் துண்டைத் திரையாகப் பிடிக்க, ஒரு பிள்ளை பாத்திரமாகப் பின்னால் நிற்கும். மற்றவர்கள், கூத்தில் பாத்திரங்களைக் கேள்வி கேட்டு அறிமுகப்படுத்தும் கட்டியங்காரனாகி "நீங்க யாரு? எங்கேர்ந்து வரீங்க? இந்த நேரத்துல இங்க இன்னா வேலை?" என்று கேட்பார்கள். பதில் சொல்லச் சொல்லப் பாத்திரம் உருவாகிவிடும்.

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் வேலூர்ப் புரட்சி வருகிறது. அதையும் விடாதீர்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கியது. புதுத் தலைப்பாகையைப் போடச் சொன்னதும், நெற்றியில் சமயக் குறி வைக்கக் கூடாது என்றதும் பாடத்தில் இருக்கின்றன. அந்தத் தலைப்பாகையை வாங்கி வந்த சிப்பாயின் வீட்டில் முதல் நாள் இரவு என்ன பேசியிருப்பார்கள்? நடந்ததை மாற்றக் கூடாது, ஆளைக் கற்பனை செய்யலாம் என்பது மட்டும் விதி. சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம். மணலாகவே பார்த்துப் பழகிய ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனதைப் பற்றித் தாத்தாவும் ஆயாவும் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

மொழி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பேச்சு, பேசுகிறவர் வாயில் வருவது போலவே இருக்கட்டும். ஆயா "வூட்டுக்கு வாடா" என்று கூப்பிட்டால் அதைச் சிவப்பு மையால் "வீட்டிற்கு வா" என்று திருத்தினால் ஆயாவே கதையைவிட்டுப் போய்விடுவார். ர, ற, ல, ள, ழ பிழைகளை வேறொரு நாள் தனியாகப் பாருங்கள்.

முதல் வரைவுக்கு மதிப்பெண் வேண்டாம். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள்: "தம்பி கிடைத்ததும் அம்மா முதலில் என்ன செய்தார்?" பதிலாக வருவதுதான் அடுத்த பத்தி.